தாங்குவது ஊர்தான், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, திருவிழாவுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"முதுமையில் ஒரு தாயைத் தாங்குவது பெற்ற பிள்ளைகளா, வாழ்ந்த ஊரா?" என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய தம்பி, பிள்ளைகள்தான் என்று அடித்துப் பேசிவிட்டு உட்கார்ந்தார். அவர் சாட்சிக்கு இழுத்தது நம்ம தெருப் பெரியம்மாவை. சிங்கப்பூர் மகன் மாதாமாதம் பணம் அனுப்புகிறான், சென்னை மகன் கண் ஆபரேஷன் செய்து வைத்தான், கன்னியாஸ்திரீ மகள் தினமும் ஜெபிக்கிறாள், இதற்கு மேல் ஒரு தாய்க்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். நானும் அதே பெரியம்மாவைத்தான் கூண்டில் ஏற்றப் போகிறேன். முன்வரிசையில்தான் இருக்கிறார். நான் தப்பாகச் சொன்னால் அங்கிருந்தே சத்தம் போடுவார், அவர் குணம் உங்களுக்குத் தெரியும்.

மேட்டூர் அணை திறந்த 1934இல் பிறந்தவர். அது அவர் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் தெரியாது. ஆதார் எடுக்கும்போது மூத்த மகன் குத்துமதிப்பாக ஒரு ஜனவரி 1ஆம் தேதியைச் சொல்லி, அம்மாவுக்கு ஐந்து வயதைக் குறைத்துவிட்டார். கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தேதி, அப்பா பெயர், ஞானத்தாய் பெயர் எல்லாம் அதில் இருக்கிறது. ஆக, இவருடைய வயதைக்கூட ஊர்தான் பத்திரமாக வைத்திருந்தது.

மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்துக் கல்யாணம் நடந்தது. அப்போது பூசை முழுக்க லத்தீன். எழுதப் படிக்கத் தெரியாத இவர் 'ஓரா புரோ நோபிஸ்', அதாவது 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று பிசகாமல் பதில் சொல்வாராம். 1960களில் ஆயர்கள் ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்ததும், "இத்தனை வருசமா சாமியார் என்ன சொன்னாருன்னு இப்பத்தான் தெரியுது" என்றாராம். இது தலைப்புக்கு அவசியமில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

கடைக்குட்டி கைக்குழந்தையாக இருந்தபோது கணவர் போய்விட்டார். இங்கேதான் எதிரணி கவனிக்க வேண்டும். அப்பா உயில் எழுதாமல் இறந்தால் கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. பெரியம்மாவின் அப்பாவுக்கு வாய்க்கால் ஓரம் நல்ல நஞ்சை இருந்தது. இவர் கூடப் பிறந்தவர்கள் வந்து, பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டினார்கள். இவர் கைநாட்டு வைத்தார். பதிலுக்கு ஒரு புடவை வந்தது. ரத்தபாசம், ரத்தபாசம் என்று தம்பி நாலு தடவை சொன்னார். அந்தப் பாசம் பத்திர ஆபீஸ் வாசலில் எங்கே போனது?

ஊர் என்ன செய்தது? மடத்துச் சிஸ்டர்கள் போர்டிங் சமையலில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். பங்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படித்தார்கள். கடைத்தெரு பாய், அரிசியும் எண்ணெயும் கடனாகச் சிட்டையில் எழுதிக் கொடுத்தார். அறுவடைக்கு அறுவடை கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டார். தம்பி பெருமையாகச் சொன்ன சிங்கப்பூர் மகன் அந்தச் சிட்டை அரிசியில் வளர்ந்தவர்தான்.

அது கூடப் பிறந்தவர்கள் விவகாரம், பெற்ற பிள்ளைகள் அப்படி இல்லை என்பீர்கள். சரி, பிள்ளைகளுக்கே வருவோம். பிள்ளைகள் தாங்குவது அவ்வளவு நிச்சயம் என்றால், 2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் எதற்கு வந்தது? வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்து, பெற்ற பிள்ளையிடம் மாதம் இவ்வளவு என்று உத்தரவு வாங்க வேண்டியிருக்கிறது. அதற்கு உச்சவரம்பு 10,000 ரூபாய் என்றும் அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள். "என் ஊர் என்னைக் கவனிக்கவில்லை" என்று எந்தக் கிழவியாவது மனுக் கொடுத்து நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? பெரியம்மாவின் பிள்ளைகள் அப்படிப்பட்டவர்கள் இல்லை, நல்ல பிள்ளைகள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நல்ல பிள்ளைகள் வீட்டிலும் அம்மாவுக்கு என்ன நடக்கிறது? சென்னையில் மகன் வீட்டுக்குப் போனால், "அடுப்புப் பக்கம் போகாதீங்கம்மா, நீங்க உட்காருங்க" என்கிறார்கள். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, ஏசி, டிவி எல்லாம் உண்டு. வேலை மட்டும் கிடையாது. ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிடுகிறார்.

இங்கே வந்தால் அவருக்கு வேலை இருக்கிறது. டிசம்பரில் நம்ம அன்பியத்து, அதாவது பக்கத்துப் பக்கத்து வீட்டார் சேர்ந்த ஜெபக் குழுவின், பெண்கள் கிறிஸ்துமஸ் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவதை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். வெல்லப்பாகு கொதிக்கும். ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் விட்டு, திண்ணையில் இருக்கும் பெரியம்மாவிடம் ஓடுவார்கள். அவர் டம்ளருக்குள் விரலை விட்டு, அந்தச் சொட்டைத் திரட்டி உருட்டுவார். கரைந்தால், "இன்னுங் கொஞ்சம்" என்பார். உருண்டு நின்றால், "இறக்குடி" என்பார். பார்வை மங்கின கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை, எல்லாம் விரல்தான். பி.இ. படித்த மருமகள்கள் அந்த ஒற்றைச் சொல்லுக்காகக் கரண்டியோடு காத்து நிற்பார்கள். துக்கமணி அடித்தாலும் அப்படித்தான். செத்தவர் கையில் ஜெபமாலையைச் சுற்றுவதிலிருந்து மன்றாட்டு மாலை சொல்வது வரை, "பெரியம்மா வரட்டும்" என்று வீடே நிறுத்தி வைத்திருக்கும். தொண்ணூறு தாண்டிய ஒரு மனுஷிக்காக ஒரு காரியம் நிற்கிறது, நடுவர் அவர்களே! மாத்திரை டப்பா வாங்கிக் கொடுக்கலாம், அந்த இடத்தை எந்த மகன் வாங்கிக் கொடுக்க முடியும்?

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிப் பக்கமிருந்தும் நாகைப் பக்கமிருந்தும் உடுத்திய துணியோடு ஜனங்கள் வந்தார்கள். கோயில் வளாகத்தில் முதல் அடுப்பை மூட்டியவர்களில் பெரியம்மா ஒருவர். அப்போதே வயது எழுபது. அன்றைக்கு அவர் கையால் கஞ்சி வாங்கிக் குடித்த குடும்பத்தார், ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நடைபயணக் கூட்டம் போகிற சமயத்தில் இன்றைக்கும் அவர் வீட்டில் கால் வைக்காமல் போவதில்லை.

ஊர் என்றால் எல்லாம் தேனும் பாலும் என்று சொல்ல வரவில்லை. ஒரே ஆண்டவரைக் கும்பிட்டுவிட்டு, சாதி பார்த்துக் கல்லறைக்கு நடுவே சுவர் வைத்த இடங்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்த வெட்கத்தை மறைத்துப் பேசினால் எங்கள் அணி ஜெயித்தும் பிரயோஜனமில்லை.

மணி அடிக்க நடுவர் கையை வைத்துவிட்டார், ஒரே விஷயம். போன ஐப்பசி அடைமழையில் பெரியம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். சிங்கப்பூர் மகன் வழக்கம்போல ராத்திரி கூப்பிட்டிருக்கிறார். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. பதறிப்போனார். உடனே யாருக்குப் போன் போட்டார்? சென்னையில் இருக்கும் தம்பிக்கா? மடத்தில் இருக்கும் தங்கைக்கா? பக்கத்து வீட்டுக்குப் போட்டார். அந்த வீட்டுப் பையன்தான் சுவரேறிக் குதித்துத் தூக்கினான். அந்த மகனுக்கே தெரிந்திருக்கிறது, எதிரணித் தம்பிக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? எழுந்து பதில் சொல்லச் சொல்லுங்கள், ஐயா.