என்ன சொன்னான்?

அனைவருக்கும் வணக்கம்.

என் அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இரவில் இருவரும் சேர்ந்து படம் பார்ப்போம். ரிமோட் அவர் கையில்தான் இருக்கும். ஆட்கள் பேசும்போது சத்தத்தைக் கூட்டுவார். குண்டு வெடித்ததும் பதறிப்போய்க் குறைப்பார். மறுபடியும் கூட்டுவார். முக்கியமான இடத்தில் என் பக்கம் திரும்பி, "என்னப்பா சொன்னான்?" என்பார். எனக்கும் கேட்டிருக்காது. ஆனால் அவர் அதை நம்பவில்லை. "எனக்குக் காது போச்சு" என்று முடிவுகட்டி, நாளடைவில் கேட்பதையே நிறுத்திவிட்டார். கதை பிடிபடாமல் சும்மா உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

படத்தில் வசனம் கேட்காமல் போவதில் காதுக்கும் பங்கு உண்டுதான். படம், தடம், வடம், மடம் என்று சொல்லிப் பாருங்கள். நான்கும் 'டம்' என்றே முடிகின்றன. முதலில் வரும் 'அ' நன்றாக ஓங்கி ஒலிக்கிறது. பொருளைப் பிரித்துக் காட்டும் 'ப்', 'த்' எல்லாம் கண நேரத்தில் வந்து போய்விடுகின்றன. சொல்லை அடையாளம் காட்டும் இந்த நுணுக்கங்கள் பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் (ஒரு நொடியில் ஒலி அதிரும் எண்ணிக்கை) வரையில் இருக்கின்றன. வயதானால் முதலில் மங்குவது கீச்சென்ற உயர் சுருதி ஒலிகள். ஆனால் இளம் காதுக்கும் இடைஞ்சல் உண்டு. தாழ்ந்த சுருதி ஒலி பலமாக உறுமினால், சுருதியில் தனக்கு மேலே உள்ள ஒலிகளையும் அது மூடிவிடும். வசனத்தின் அடியில் பின்னணி இசை அதிர்ந்தால் நடப்பது அதுதான்.

அப்புறம், கருவி. ஐந்து ஸ்பீக்கரும் அதிரும் தாழ்ந்த ஒலிக்கென ஒன்றும் கொண்ட 5.1 முறையில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கர் வழியாக வரும். வீட்டில் இரண்டே ஸ்பீக்கர் என்றால் வசனம், இசை, வெடி எல்லாம் அவற்றுக்குள்ளேயே நெருக்கியடிக்க வேண்டும். டிவி மெலிய மெலிய, ஸ்பீக்கர்களும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ போய்விட்டன. டிவியின் செட்டிங்கில் ஒலியை ஸ்டீரியோவுக்கு, அதாவது இரண்டு ஸ்பீக்கருக்கான முறைக்கு மாற்றி, பெரிய சத்தத்துக்கும் சின்ன சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் இரவு நேர முறையைப் போட்டுப் பாருங்கள். ஓரளவு உதவும்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படும் காரணம் வேறு. கேட்காத ஒரு வசனத்தைச் சப்டைட்டில் போட்டுப் படியுங்கள். பிறகு சப்டைட்டிலை எடுத்துவிட்டு அதே இடத்தை ஓட்டுங்கள். இப்போது தெளிவாகக் கேட்கும்! ஒலி மாறவில்லை, வரி தெரிந்துவிட்டதால் மூளை இட்டு நிரப்புகிறது. வசனத்தையும் இசையையும் மற்ற சத்தங்களையும் ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங் அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த வசனத்தை எத்தனையோ முறை கேட்டவர்கள். இயக்குநருக்கு அது மனப்பாடம். அவர்கள் காதுக்கு அது கேட்காமல் போக வழியே இல்லை.

சரி, சப்டைட்டிலே போதுமே என்பீர்கள். அப்பாவும் போட்டுப் பார்த்தார். "எழுத்தைப் படிச்சா மூஞ்சியைப் பார்க்க முடியலையே" என்றார். நடிகர் கண்ணில் காட்டிய வலியை, கீழே எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் தவறவிட்டிருந்தார். காது கேளாதவர்களுக்குச் சப்டைட்டில் கட்டாயம் வேண்டும். அதற்காக, சரியாகக் கலக்காத ஒலிக்கு அதைச் சாக்காக்கக் கூடாது.

இங்கே ஒலித்துறையில் இருக்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். படத்தை முடித்து அனுப்புவதற்கு முன், கதையே தெரியாத ஒருவரைக் கூப்பிடுங்கள். வயதானவராக இருந்தால் இன்னும் நல்லது. சாதாரண டிவியில், வீட்டில் வைக்கும் அளவு சத்தத்தில் ஒருமுறை மட்டும் ஓட்டி, கேட்ட வசனத்தை எழுதச் சொல்லுங்கள். அவர் தரும் தாளில் எந்த வரி காலியாக இருக்கிறதோ, அந்த வரிக்குத் திரும்பிப் போங்கள்.