ஆய்வைப் புரியும்படி எழுதுதல்

நேயர்களுக்கு வணக்கம். கணினி அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவர்கள் பலர், கட்டுரை எழுதுவதை ஆய்வு முடிந்த பிறகு செய்யும் வேலையாகவே கருதுகிறார்கள். நிரல் ஓடி, அட்டவணைகள் நிரம்பி, மாநாட்டுக்கு அனுப்பும் கெடு நெருங்கும்போதுதான் எழுத உட்காருகிறார்கள். ஆங்கிலம் சரளமாக வராததால்தான் கட்டுரை திரும்பி வருகிறது என்றும் நம்புகிறார்கள்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட்டுக்கும் கட்டுரை திரும்பி வந்திருக்கிறது. சில கணினிகள் செயலிழந்தாலும் எஞ்சியவை ஒரே முடிவுக்கு வருவது எப்படி என்று விளக்கும் கட்டுரையை அவர் 1990இல் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினார். ஆனால் அதை நேரடியாகச் சொல்லாமல், பாக்ஸோஸ் என்ற கிரேக்கத் தீவில் பண்டைக்காலத்தில் இயங்கிய நாடாளுமன்றத்தின் கதையாகப் புனைந்திருந்தார். மதிப்பீட்டாளர்கள் கதையை நீக்கச் சொன்னார்கள். அவர் கட்டுரையையே ஒதுக்கி வைத்தார். அது அச்சேறியது 1998இல். அப்போதும் பலருக்குப் பிடிபடாததால், 2001இல் அதே படிமுறையை எளிய நடையில் மறுபடி எழுதினார். உதவித்தொகை சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும் மாணவருக்கு எட்டு ஆண்டு காத்திருக்க வழியேது?

இதன் மறுபக்கத்தை ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்ட மாணவராக இருந்த டியேகோ ஓங்காரோ காட்டினார். அவரும் அவருடைய நெறியாளர் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் அதே சிக்கலுக்கு ராஃப்ட் என்ற தீர்வை 2014இல் வெளியிட்டபோது, எளிதில் புரிவதையே தங்கள் முதன்மை நோக்கமாக அறிவித்தார்கள். தலைமைக் கணினியைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொன்றுக்கும் தரவரிசை தரலாம் என்றுதான் முதலில் எண்ணினார்கள். ஆனால் அதில் நுணுக்கமான சிக்கல்கள் ஓயாமல் முளைக்கவே, ஒவ்வொன்றும் தற்போக்கான நேரம் காத்திருந்து, முதலில் நேரம் முடிவது தலைமைக்குப் போட்டியிடும் எளிய வழிக்கு மாறினார்கள். விளக்கிச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் வடிவமைப்பையே மாற்றியது என்பதுதான் இதில் நான் முக்கியமாகக் கருதுவது. லாம்போர்ட்டின் முறையையும் ராஃப்டையும் கற்ற 43 மாணவர்களில் 33 பேர் ராஃப்ட் பற்றிய வினாக்களுக்கே கூடுதலாகச் சரியாக விடையளித்தார்கள்.

ஆகவே, ஆய்வு தொடங்கிய சில மாதங்களிலேயே கட்டுரையின் முதல் பக்கத்தை எழுதிப் பார்க்குமாறு என் மாணவர்களிடம் சொல்கிறேன். சிக்கல் எது, இருக்கும் முறைகள் எங்கே தவறுகின்றன, நாம் எதைப் புதிதாகச் செய்கிறோம், அதற்கு என்ன சான்று காட்டுவோம் என்பவை அதில் வர வேண்டும். சான்றுக்கான இடம் காலியாக இருந்தால், அடுத்து எந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்பதை அந்த வெற்றிடமே சொல்லிவிடும்.

‘முன்மொழியப்பட்ட முறை சிறந்த முடிவுகளைத் தருகிறது’ என்ற வாக்கியத்தை நான் எத்தனையோ ஆய்வேடுகளில் அடித்து நீக்கியிருக்கிறேன். எந்தத் தரவில், எந்த முறையோடு ஒப்பிட்டு, எவ்வளவு சிறந்தது என்று அது சொல்வதில்லை. நம் முறை எங்கே தோற்கிறது என்பதையும் எழுதும் மாணவரை மதிப்பீட்டாளர் கூடுதலாக நம்புவார். வாக்கியத்தைக் கணிதக் குறியீட்டோடு தொடங்கக் கூடாது என்பது போன்ற சிறு நெறிகளையும் புறக்கணிக்க வேண்டாம். கணினி அறிவியலின் முன்னோடி டொனால்ட் நூத், இத்தகைய நெறிகளைக் கற்பிக்க 1987இல் கணித எழுத்துக்கென்றே ஸ்டான்ஃபோர்டில் தனி வகுப்பு நடத்தியவர்.

எழுதிய பக்கத்தை வேறு ஆய்வகத்தில் இருக்கும் நண்பரிடம் கொடுங்கள். படித்ததை அவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்லட்டும். அவர் தடுமாறும்போது வாயால் விளக்காமல், அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.