வேகத்தடையும் விலையுயர்ந்த மின்காரும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆற்றுப் பாசனத்தை நம்பி வாழும் காவிரிப் படுகையில், ஒரு கோடி ரூபாயைத் தாண்டும் மின்காரைப் பற்றிப் பேச என்ன தேவை வந்தது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அரிசி ஆலை நடத்துபவர்களும் நகைக்கடை வைத்திருப்பவர்களும் வெளிநாட்டில் சம்பாதித்து ஊர் திரும்பியவர்களும் இப்போது இத்தகைய கார்களைப் பற்றி விசாரிக்கிறார்கள். பாலிடெக்னிக்கில் மோட்டார் வாகனப் பாடம் நடத்தியவன் என்பதால் அவர்களில் பலர் என்னிடமும் வருகிறார்கள். வந்தவுடன் கேட்கும் முதல் கேள்வி ஏறத்தாழ எப்போதும் ஒன்றுதான்: நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை நொடி?

அந்தக் கேள்வியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2019-இல் அறிமுகமான போர்ஷே டைகான் டர்போ எஸ் என்ற மின்கார் 2.8 நொடியில் நூறைத் தொட்டது. ஆனால் அதே காரின் முன்மாதிரியை வைத்து அந்நிறுவனம் நடத்திய வேறொரு சோதனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நின்ற இடத்திலிருந்து 200 கிலோமீட்டர் வேகம் வரை தொடர்ச்சியாக 26 முறை ஓட்டிப் பார்த்தார்கள். மிக விரைவான ஓட்டத்துக்கும் மிக மெதுவான ஓட்டத்துக்கும் இடையே ஒரு நொடி வித்தியாசம்கூட இல்லை. மின்கலத்திலிருந்தும் மோட்டாரிலிருந்தும் வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு எவ்வளவு திறமையானது என்பதை அந்த ஓட்டம் காட்டியது. ஆகவே ஓட்டிப் பார்க்கச் செல்லும்போது முதல் பாய்ச்சலைப் பார்த்து மயங்காமல், ஐந்தாவது பாய்ச்சலைக் கவனியுங்கள். அதையும் முழுச் சார்ஜில் பார்க்காமல் 30 விழுக்காடு மீதமிருக்கும்போது பாருங்கள். சித்திரை வெயிலில் நண்பகலில் பார்த்தால் இன்னும் நல்லது. சார்ஜ் குறையும்போதும் மின்கலம் சூடேறும்போதும் பல கார்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும். விற்பவர்கள் குளிர்ந்த காலைப்பொழுதில் முழுச் சார்ஜுடன் வண்டியைக் கொண்டுவருவதற்குக் காரணம் இருக்கிறது.

இனி நான் எங்கே போனாலும் பேசும் விஷயத்துக்கு வருகிறேன். அது வேகத்தடை.

மின்காரில் மிக விலையுயர்ந்த உறுப்பு அதன் மின்கலம். அது இருப்பதோ வண்டியின் வயிற்றுக்கு அடியில், தரைக்கு மிக அருகில். மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் காரில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 3.2 மீட்டர் இடைவெளி உள்ளது. முன்சக்கரம் மேட்டை ஏறி இறங்கிவிட்டது, பின்சக்கரம் இன்னும் ஏறவில்லை என்ற அந்தக் கணத்தை நேயர்கள் மனத்தில் நிறுத்திப் பாருங்கள். மேடு நேராக மின்கலத்தின் கீழே நிற்கிறது. இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிமுறைப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு சாய்வாக இருக்க வேண்டும். நம் ஊர் வாய்க்கால் பாலத்தருகே ஒரே இரவில் முளைக்கும் வேகத்தடைக்கு அந்த நெறிமுறை தெரியாது.

கும்பகோணத்துக்கு அருகே அரிசி ஆலை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இத்தகைய கார் ஒன்றை வாங்க எண்ணினார். விற்பனையாளர் சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிக் காட்டுவதாகச் சொன்னபோது, "தம்பி, நான் குடியிருப்பது கடற்கரைச் சாலையில் இல்லை, வண்டியை எங்கள் தெருவுக்குக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லிவிட்டார். வண்டி வருவதற்குச் சற்று முன்பு, ஆலைக்குச் செல்லும் வழியில் இருந்த வேகத்தடையின் உச்சியில் ஈரச் சுண்ணாம்பைத் தடவி வைத்தார். பிறகு ஆலைக் கணக்கரையும் பணியாளர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, தாம் வழக்கமாகச் செல்லும் வேகத்தில் அதைக் கடந்தார். இறங்கிக் கைப்பேசி விளக்கில் குனிந்து பார்த்தால் மின்கலத்தின் காப்புத் தகட்டில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. விற்பனையாளர் முகம் வாடிவிட்டது. "சார், உயர்த்தும் பொத்தானை அழுத்தவில்லையே" என்றார் அவர். ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகளால் உடலைத் தாங்கி உயர்த்தவும் தாழ்த்தவும் வல்ல அமைப்பு, உள்ள வண்டியாதலால் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு மறுபடியும் கடந்தார்கள். புதிய கோடு விழவில்லை. அப்போது நண்பர் கேட்ட கேள்வி எந்தப் பொறியாளரும் கேட்க வேண்டியது: "நான் இல்லாதபோது என் ஓட்டுநர் ஒவ்வொரு தடவையும் இதை அழுத்துவார் என்பதற்கு யார் பொறுப்பு?"

உயர்த்த வேண்டிய இடங்களை வண்டியே நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை வரும்போது தானாக உயரும் வசதி டைகான் போன்ற சில கார்களில் வந்திருக்கிறது. அது இருக்கிறதா என்று கேளுங்கள். எத்தனை கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டி மறுபடியும் தாழும் என்றும் கேளுங்கள். சாதாரண ஸ்பிரிங் உள்ள வண்டியானால் ஐந்து பேரையும் ஏற்றாமல் ஓட்டிப் பார்ப்பதில் பயனே இல்லை. சுமை ஏற ஏற அது தாழும். எப்படியானாலும் உங்கள் தெருவில், உங்கள் குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு, அடி தட்டுகிறதா என்று பாருங்கள். இதை இன்னொரு முறை சொன்னாலும் தவறில்லை: உங்கள் தெருவில்.

அறுவடைக் காலத்தில் நம் சாலைகளில் வைக்கோல் பரப்புவதை அறிவீர்கள். பெட்ரோல், டீசல் வண்டிகளில் கொதிக்கும் புகைக்குழாயில் அந்த வைக்கோல் சிக்கித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. மின்காருக்குப் புகைக்குழாய் இல்லை என்பதால் அந்த ஒரு கவலை நீங்குகிறது.

அடுத்தது தூரம். 2022-இல் இங்கே வந்த ஈக்யூஎஸ் 580 காருக்கு இந்தியச் சான்றிதழில் ஒரு சார்ஜுக்கு 857 கிலோமீட்டர் என்று போட்டார்கள். அந்தச் சான்றிதழுக்காக நடத்தும் சோதனையின் உச்ச வேகமே 90 கிலோமீட்டர்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், 80-இல் சென்றால் வரும் எதிர்ப்பு 120-இல் இரண்டேகால் மடங்காகிவிடும். கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர்; அணைக்கரை, சேத்தியாத்தோப்பு வழியாக நீங்கள் வழக்கமாகச் செல்லும் வேகத்தில், குளிர்சாதனம் போட்டுக்கொண்டு ஒருமுறை ஓட்டிச் சென்று, எத்தனை விழுக்காடு செலவாயிற்று என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சார்ஜ் செய்வதிலும் இதே கவனம் வேண்டும். அந்த ஈக்யூஎஸ் காரின் மின்கலம் 107.8 கிலோவாட் மணி. வீட்டில் 7.4 கிலோவாட் ஒருமுனை இணைப்பில் அது முழுதும் நிரம்ப ஏறத்தாழ 15 மணி நேரமாகும்; 11 கிலோவாட் மும்முனை இணைப்பென்றால் 10 மணி நேரம். வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மின்வாரிய அலுவலகத்தில் வீட்டு இணைப்பின் மின்சுமையை உயர்த்தித் தருவார்களா என்று விசாரியுங்கள்; எர்த் சரியாக உள்ளதா என்று மின்பணியாளரை வைத்து அளந்து பாருங்கள். வழியில் 60 கிலோவாட் சார்ஜர் கிடைத்தால் 10-இலிருந்து 80 விழுக்காடு வரை ஏற ஒன்றேகால் மணி நேரமாகும். விளம்பரத்தில் வரும் இருபது நிமிடக் கணக்கு அதைவிடப் பன்மடங்கு ஆற்றலுள்ள சார்ஜருக்கு உரியது. 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்தபின் வேதாரண்யம் பக்கத்தில் பல நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: வீட்டில் பெட்ரோலில் ஓடும் வண்டி இன்னொன்றும் இருக்கட்டும். காரிலிருந்து வீட்டு விளக்குக்கும் மின்விசிறிக்கும் மின்சாரம் எடுக்கும் வசதி கியா ஈவி6 போன்றவற்றில் உண்டு. அதைவிட விலை கூடிய சில கார்களில் இல்லை.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். டயரைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கிவிடுகிறேன். இரண்டரை டன் எடையும் உடனடி விசையும் டயரை விரைவில் தேய்க்கும்; பெரும்பாலும் மாற்றுச் சக்கரம் தருவதில்லை, பஞ்சர் ஒட்டும் பெட்டி மட்டுமே தருவார்கள்; அந்த அளவு டயர் திருச்சியில் கையிருப்பில் உள்ளதா என்று கேளுங்கள். எத்தனை செ.மீ. ஆழத் தண்ணீரில் ஓட்டலாம் என்பது உரிமையாளர் கையேட்டில் இருக்கும், அதைப் படியுங்கள். மின்கலத்துக்கான உத்தரவாதம் பொதுவாக எட்டு ஆண்டு என்பார்கள், ஆனால் அடி தட்டி உடைந்தால் அதில் சேராது. அதற்குக் காப்பீடு தனியாக வேண்டும். மின்கலத்தின் அடிப்பகுதிச் சேதமும் வெள்ளமும் காப்பீட்டில் அடங்கும் என்பதைப் பாலிசியில் எழுத்தில் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். வணக்கம்.