பின் இருக்கையில் ஒரு காதல்

நேயர்களுக்கு வணக்கம்.

படித்து, வேலைக்குப் போய், தன் முடிவைத் தானே எடுக்கும் பெண்கள், சட்டத்தோடு மல்லுக்கு நிற்கும் ஒரு கூட்டத்துக்காரனை நாயகனாகக் கொண்ட கதைகளை ஏன் விழுந்து விழுந்து படிக்கிறார்கள்? அமெரிக்காவில் எழுதப்பட்டு மின்னூலாக உலகெங்கும் போய்ச் சேரும் மோட்டார் சைக்கிள் கிளப் காதல் நாவல்களைப் பற்றி இந்தக் கேள்வி ஓயாமல் எழுகிறது. கேட்பவர்கள் பதிலையும் கையோடு கொண்டு வருகிறார்கள்: பெண்களுக்கு முரடர்களைப் பிடிக்கும் என்று. இந்த வகை நாவல்களை ஆசையோடு படிக்கிறவள் நான். எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடில்லை. முரட்டுத்தனம்தான் வேண்டுமென்றால் எந்தக் குற்றக் கதையைத் திறந்தாலும் கிடைக்கும். இங்கே ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது, தனக்குப் பின்னால் வந்து நிற்கும் ஒரு கூட்டம்.

இந்தக் கிளப்புகள் பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்கள் பலருக்கு, அமைதியான வாழ்க்கை பிடிபடவில்லை. தோளோடு தோள் நின்ற தோழர்களின் நெருக்கம் வீட்டில் கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிளும் அதைச் சுற்றிய சேர்க்கையும் அந்த இடத்தை நிரப்பின. 1947 ஜூலையில் கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் நடந்த மோட்டார் சைக்கிள் விழாவில் கூட்டம் கட்டுமீறியது. பத்திரிகைகள் அதை ஊதிப் பெருக்கின. காலி பாட்டில்கள் சிதறிக் கிடக்க, வண்டிமேல் சாய்ந்திருக்கும் ஒருவரின் புகைப்படம் ‘லைஃப்’ இதழில் வெளிவந்து நாட்டையே திடுக்கிட வைத்தது. அடுத்த ஆண்டே ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ என்ற கிளப் தோன்றியது. 1953இல் ஹாலிவுட் நடிகர் மார்லன் பிராண்டோ இப்படியொரு கூட்டத்தின் தலைவனாகத் தோல் ஜாக்கெட்டுடன் திரையில் வந்து நின்றபோது, அஞ்ச வேண்டியவன் ஆசைப்பட வேண்டியவனாகவும் ஆகிவிட்டான். ஆனால் காதல் நாவலாசிரியர்கள் இந்த உலகத்துக்குள் திரளாக நுழைய அறுபது ஆண்டுகள் போல ஆயின. கிளப் வாழ்க்கையைக் குடும்பக் கதையாகவே சொன்ன ஒரு தொலைக்காட்சித் தொடர் 2008 முதல் 2014 வரை ஓடியது. அதே காலத்தில், பதிப்பாளரை எதிர்பாராமல் எழுத்தாளர்களே மின்னூல் வெளியிடும் வசதியும் பெருகியது. அதன் பிறகு வெள்ளம்தான்.

கிளப் உறுப்பினர்கள் அணியும் கையில்லாத தோல் மேற்சட்டையைப் பாருங்கள். முதுகில் மேலே வளைவாகக் கிளப்பின் பெயர், நடுவில் சின்னம், கீழே இன்னொரு வளைவில் ஊரோ மாநிலமோ. புதிதாகச் சேர வந்தவனுக்கு நடுச் சின்னம் கிடையாது. மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் எடுபிடி வேலை செய்து, உறுப்பினர்களின் வாக்கைப் பெற்ற பிறகுதான் அது தைக்கப்படும். தலைவர், துணைத்தலைவர், ஒழுங்கைக் காப்பவர், பயணத்தை வழிநடத்துபவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு. வெளியே சட்டத்தை மதிக்காத கூட்டம், உள்ளே எழுதி வைத்ததைப்போல விதிகளோடு வாழ்கிறது. யாரை நம்பலாம், யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பது அங்கே தெளிவாகத் தெரியும். வேலையிடத்திலும் வீட்டிலும் அந்தத் தெளிவு கிடைக்காமல் களைத்த பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

இந்த நாவல்களில் திரும்பத் திரும்ப வரும் காட்சி ஒன்று உண்டு. நாயகிக்கு ஓர் ஆபத்து. அவள் வேலை செய்யும் இடத்துக்கு வெளியே, சின்னம் இன்னும் கிடைக்காத இளைஞன் ஒருவனை நிறுத்தி வைக்கிறார்கள். மழை பெய்கிறது. அவன் நகரவில்லை. முதல் நாள் அவள் எரிச்சலோடு, “போய்விடு” என்கிறாள். “போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்” என்கிறான். மறுநாள் அவள் இரண்டு கோப்பைக் காபியோடு வெளியே வருகிறாள். நாயகனோடு முத்தமிடும் பக்கங்களைவிட இந்தப் பக்கம்தான் என்னை உருக்குகிறது. நாயகிக்குக் குடும்பம் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை, அல்லது இருந்தும் பயனில்லை. வாழ்நாளில் முதல்முறையாக அவளுக்காக ஒருவர் காத்திருக்கிறார்.

கிளப் வீட்டின் சமையலறை இன்னும் வளமான இடம். உறுப்பினர்களின் மனைவிமார் அங்கே கூடுகிறார்கள். எல்லாரையும் எடைபோட்டுப் பார்த்துவிட்ட மூத்தவள் ஒருத்தி இருப்பாள். அவள் புதியவளை ஏற்றுக்கொள்ளும் தருணம், நாயகன் காதலைச் சொல்லும் தருணத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. பெண்களின் நட்பை இவ்வளவு உரிமையோடு எழுதும் காதல் நாவல் வகைகள் குறைவு.

பின் இருக்கைப் பயணத்தையும் சொல்லாமல் விட முடியாது. வளைவில் வண்டி சாயும்போது, பின்னால் இருப்பவர் பயந்து எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் வண்டி நினைத்த தடத்தை விட்டு விலகும். ஓட்டுபவரோடு சேர்ந்து சாய வேண்டும். நம்பிக்கை என்பதை நாவலாசிரியர் விளக்கவே தேவையில்லை, அவளுடைய உடலே சொல்லிவிடுகிறது. காதலனோடு பாலை வழியே ஊரை விட்டுப் போகும் சங்க இலக்கியத் தலைவியை நினைக்காமல் இந்தப் பக்கங்களை என்னால் படிக்க முடிந்ததில்லை.

உண்மையான கிளப்புகளை நான் மறைக்க விரும்பவில்லை. சட்டத்தை மீறும் இந்த வகைக் கிளப்புகள் பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை. இன்னாருடைய உடைமை என்று முதுகில் தைத்த சட்டையைப் பெண்கள் அணியும் வழக்கமும் உண்டு. போதைப்பொருள், கொலை வழக்குகளில் சிலர் தண்டனை பெற்றிருக்கிறார்கள். நல்ல நாவல் இதைக் கண்டும் காணாததுபோல் போகாது. அந்தச் சட்டையை நீட்டும்போது நாயகி கேள்வி கேட்பாள், பதில் வரும்வரை அணிய மாட்டாள். சந்தேகத்தையும் மிரட்டலையும் காதல் என்று விற்கும் நாவல்களும் நிறைய வருகின்றன. அவற்றைப் பாதியிலேயே மூடிவிடுகிறேன். அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே காதல் நாவல் வாசகிகளிடம் பேசி 1984இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பெண்கள் தேடியது தங்களைப் பேணும் ஆணை என்பது தெளிவாகத் தெரிந்தது. முரட்டுக் கைகளால் காயத்துக்கு மருந்திடும் நாயகனும் அந்தத் தேவைக்குத்தான் பதில் சொல்கிறான். முடிவு இனியதாகவே இருக்கும் என்ற உறுதியும் இருக்கிறது. அதனால்தான் பயத்தை அவ்வளவு நெருங்கிப் போய்ப் பார்க்க முடிகிறது.

புதிதாகப் படிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இவை பெரும்பாலும் தொடர்களாகவே வரும். ஒரு புத்தகத்துக்கு ஒரு ஜோடி. தயவுசெய்து முதல் புத்தகத்திலிருந்தே தொடங்குங்கள். முதல் கதையில் மழையில் நின்ற பையன் நான்காவது கதையில் நாயகனாக வருவான். அவனுடைய காதலி தயங்கித் தயங்கிச் சமையலறைக்குள் நுழையும்போது, முதல் கதையின் நாயகி இடுப்பில் குழந்தையோடு நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்காரச் சொல்வாள். நடுவில் தொடங்கினால் இந்த மகிழ்ச்சி உங்களுக்குக் கிடைக்காது.

வணக்கம்.