வாசல் கதவுக்கு ஒரு சவுக்கு வளையம்

வணக்கம். தரங்கம்பாடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கும் இரைச்சல் கடல்தான், ஒலிவாங்கியில் கோளாறு ஒன்றும் இல்லை.

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் ஏறிவிடும். இப்போது கதவில் பச்சை வளையம் மாட்டும் பழக்கமும் சேர்ந்திருக்கிறது. கடைகளில் தொங்குவதெல்லாம் பிளாஸ்டிக் ஊசியிலை. விலை சில நூறு ரூபாய். ஒரு வருடம் பரணில் கிடந்தால் தூசி அப்பி, இலை உதிர்ந்து, குப்பைக்குத்தான் போகிறது. கடற்கரை முழுக்கச் சவுக்குத் தோப்பை வைத்துக்கொண்டு நாம் ஏன் அதை வாங்க வேண்டும்? கிறிஸ்துமஸ் மரத்துக்குச் சவுக்குக் கிளையை நட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். கதவுக்கும் அதுவே போதும். நூறு ரூபாய்க்குள் முடித்துக் காட்டுகிறேன்.

முதலில் வளையம். தென்னை மட்டை விழுந்து கிடந்தால் அதிலிருந்து பச்சை ஈர்க்கு முப்பது கிழித்துக்கொள்ளுங்கள். மட்டை கிடைக்காதவர்கள் புதுத் துடைப்பத்திலிருந்து உருவி, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவிடலாம். காய்ந்த ஈர்க்கை அப்படியே வளைத்தால் முறிந்துவிடும்.

இதோ, கேமரா பக்கத்தில் காட்டுகிறேன். ஈர்க்குக்கு அடி தடிமன், நுனி மெல்லிசு. எல்லா அடியையும் ஒரே பக்கம் வைத்துக் கட்டினால் வளையம் ஒரு பக்கம் புடைத்து மறுபக்கம் சோர்ந்து நிற்கும். அதனால் ஒன்று இப்படி, அடுத்தது தலைகீழாக, மாற்றி மாற்றி அடுக்குங்கள். முனைகளும் ஒரே இடத்தில் முடியக் கூடாது, முன்னும் பின்னுமாக இருக்கட்டும். இப்போது வளைத்து, இரண்டு தலைப்பையும் ஒரு சாண் நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, சணல் கயிற்றால் சுற்றுங்கள். குறுக்களவு ஒரு அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். சாதாரண வாசல் கதவுக்கு அதுவே எடுப்பாக இருக்கும். இலை கட்டிய பிறகு இன்னும் பெரிதாகத் தெரியும். கம்பி வேண்டியதே இல்லை.

அடுத்தது சவுக்கு. ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரம் நட்டு வளர்த்த சவுக்கு, புயலையும் அலையையும் தடுக்க நிற்கும் வேலி. அதில் ஒரு கிளையைக்கூட ஒடிக்காதீர்கள். தனியார் தோப்பில் வெட்டு நடக்கும் இடத்தில் கேளுங்கள். கழியை வெட்டி எடுத்துவிட்டு மிலாற்றை, அதாவது சிறு கிளைகளை, விறகுக்காகக் குவித்து வைத்திருப்பார்கள். இரண்டு கைப்பிடி பச்சை மிலாறு கேட்டால் யாரும் மறுப்பதில்லை. எனக்குத் தோப்புக்கார அண்ணன் காசே வாங்காமல் கொடுத்தார். கொண்டுவந்ததும் அடித்தண்டைச் சாய்வாக நறுக்கி, ஒரு இரவு வாளித் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள்.

இந்த ஒரு இழையைப் பாருங்கள். இதை இலை என்று நினைக்கிறோம், உண்மையில் இது மெல்லிய கிளை. இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் கணுவில் 'டக்'கென்று பிரிகிறது. பிரிந்த இடத்தில் பல் பல்லாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நிற்கிறதே, அதுதான் சவுக்கின் இலை. இலையை இவ்வளவுக்குச் சுருக்கிக்கொண்டதால்தான் உப்புக் காற்றிலும் மணலிலும் இந்த மரம் தாக்குப்பிடிக்கிறது. கதவில் நிறம் மங்கினாலும் இழையின் வடிவம் கெடுவதில்லை.

ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, ஐந்தாறு இழைக்கொத்தைச் சேர்த்து ஒரு கட்டு. பன்னிரண்டு பதின்மூன்று கட்டு வேண்டும். முதல் கட்டை வளையத்தின்மேல் படுக்கவைத்துத் தண்டை மூன்று சுற்று இறுக்குங்கள். அடுத்த கட்டின் தலை, முன்னதன் தண்டை மறைக்க வேண்டும். மூன்று அங்குலத்துக்கு ஒன்று. எல்லாம் ஒரே திசையில் போகட்டும். கயிற்றை நடுவில் அறுக்காமல் ஒரே ஓட்டமாகச் சுற்றுவதுதான் நல்லது. நன்றாக இறுக்குங்கள், ஏனென்றால் தண்டு காயக் காயச் சுருங்கும், கட்டு தளரும். கடைசிக் கட்டின் தண்டை முதல் கட்டின் இழையைத் தூக்கி அதற்கு அடியில் செருகினால் தொடக்கம் எது, முடிவு எது என்று தெரியாது.

கை வேலை செய்யும்போது ஒன்று சொல்கிறேன். 1839-இல் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திவந்தார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். பழைய வண்டிச் சக்கரம் ஒன்றை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தி என்று அதில் நட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட வருகைக் காலத்துக்கு வைக்கும் வளையத்தின் கதை அப்படித் தொடங்குகிறது. ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706-இல் வந்திறங்கிய ஊர் எங்களுடையது. 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் இன்றும் ஆராதனை நடக்கிறது. அதே லுத்தரன் மரபில் வந்த நமக்கு, பழைய சக்கரத்தில் பிறந்த ஒன்றைக் காசைக் கொட்டி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, அலங்காரம். சவுக்குக் காய் தோப்புத் தரையிலேயே கிடக்கும். இரண்டு நாள் வெயிலில் காயவிட்டால் ஒவ்வொரு கண்ணும் வாய் திறந்து, இறக்கை வைத்த விதைகள் காகிதத்தில் கொட்டும். கொட்டியபின் மூன்று மூன்றாகக் கோத்துக் கட்டுங்கள்.

சிவப்புக்கு ராமநாதபுரம் முண்டு மிளகாய். 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. உருண்டை, பளபளப்பு. ஐம்பது கிராம் போதும். காம்போடு இருப்பதைப் பொறுக்கி, காம்பில் நூல் கட்டுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இது மழைக்காலம், ஈரக்காற்றில் மிளகாய் பூசணம் பிடிக்கும். அதனால் 23-ஆம் தேதி வாக்கில் கட்டினால் போதும். மிளகாய்க்குப் பதிலாகக் குன்றிமணி வைக்கலாமா என்று பலர் நினைப்பீர்கள். வேண்டாம். அது கடும் விஷம். உதிர்ந்த மணியைக் குழந்தை கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

ரிப்பனுக்குத் தையல் கடையில் சிவப்பு வெட்டுத்துணி கேளுங்கள். கிராஸாக, அதாவது மூலைவாட்டில் வெட்டினால் ஓரம் பிரியாது. கீழ்ப்பக்கம் ஒரு முடிச்சு, இரண்டு வால், அவ்வளவுதான்.

மெழுகுவர்த்தி மட்டும் பக்கத்தில் கூடாது. சவுக்கு பச்சையாகவே எரியும் மரம். வெளிச்சம் வேண்டுமென்றால் பேட்டரியில் ஓடும் சின்ன சீரியல் செட் சுற்றுங்கள்.

மாட்டுவதற்குக் கதவில் ஆணி அடிக்க வேண்டாம். மீன்பிடி நரம்பை வளையத்தில் கட்டி, கதவின் தலைக்கு மேலாக உள்பக்கம் கொண்டுபோய், மேல் விளிம்பில் ஒரு குண்டூசியால் குத்திவிடுங்கள். வெளியே கிரில் கேட் இருக்கும் வீடுகளில் கேட்டுக்கும் கதவுக்கும் இடையே எத்தனை விரல் இடம் என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கேட் உரசினால் ஒரே வாரத்தில் இழையெல்லாம் தரையில்தான்.

கடலோரம் இல்லாதவர்களுக்கு: நீலகிரி, கொடைக்கானல் பக்கம் சைப்ரஸ் கிளை கிடைக்கும், அது சவுக்கைவிட அடர்த்தி. சமவெளியில் மாவிலை நன்றாக நிற்கும், வேப்பிலை மறுநாளே சுருண்டுவிடும். ஜனவரி 6 முடிந்ததும் கயிற்றை அவிழ்த்துச் சுற்றி வையுங்கள், ஈர்க்கு வளையம் அடுத்த வருடத்துக்கும் ஆகும். இழையைத் தென்னை அடியில் போட்டுவிடுங்கள். உங்கள் ஊரில் வேறு எந்தக் கிளை தாங்கும் என்று எழுதுங்கள், அதிலும் ஒன்று கட்டிப் பார்க்கிறேன்.