பனிக்குக் கீழே என்ன இருக்கிறது?

(காட்சி: நாகர்கோவிலில் ஒரு வீட்டுச் சமையலறை. ஒரு மரப்பலகை, புட்டு மாவு, சீனி.)

காலையில் புட்டுக்கு விரவிய மாவில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன். அதைப் பலகையில் பரப்பி அழுத்துகிறேன். அதன்மேல் சீனி. அப்புறம் மறுபடியும் மாவு, நன்றாக அமுக்கி. மேலே பார்த்தால் ஒரே வெள்ளை. இப்போது பலகையின் ஒரு முனையை மெதுவாகத் தூக்குகிறேன்.

(காட்சி: மேல் மாவு பாளமாக வழுக்கி விழுகிறது.)

மாவு உதிரவில்லை, பாளமாகவே பெயர்ந்து வந்தது. பனிமலையில் ஆட்களைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் கிளம்புகின்றன.

நமக்கு எதற்கு இது? நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் பட்டாளத்தில் இருக்கிறார்கள். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் 10 பேர் பனிக்கடியில் புதைந்தார்கள். அதில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

சரி, பனிக்குள் இந்தச் சீனி மாதிரி ஒட்டாத அடுக்கு எப்படி வருகிறது? தரையை ஒட்டிய பனி கிட்டத்தட்ட 0 டிகிரியில் இருக்கும். மேற்பரப்போ இரவில் கடுமையாகக் குளிர்ந்துவிடும். 10 செ.மீ. கனத்துக்குள் 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால், கீழிருந்து நீராவி மேலேறி, ஒட்டியிருந்த துகள்களை முனை கூர்ந்த மணிகளாக மாற்றிவிடும். கையில் அள்ளினால் புத்தளம் உப்பளத்து உப்பு மாதிரி விரலிடுக்கில் ஒழுகும்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் குழி தோண்டுகிறார்கள். குழிச் சுவரில் தெரியும் ஒவ்வொரு அடுக்கையும் முஷ்டி, நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கத்தி என்று வரிசையாகக் குத்திப் பார்ப்பார்கள். முஷ்டியே உள்ளே போனால் மெத்து, கத்தி மட்டும் இறங்கினால் இறுக்கம். இறுகிய அடுக்குக்கு அடியில் மெத்தென்ற அடுக்கு இருந்தால் பயப்பட வேண்டும். அடுத்து, 30 செ.மீ. சதுரத்தில் பனித்தூண் ஒன்றை வெட்டி, மேலே மண்வாரியை வைத்துத் தட்டுவார்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. நாலைந்து தட்டிலேயே மேல்பாதி வழுக்கிப் பெயர்ந்தால் அந்தச் சரிவில் கால் வைக்கக் கூடாது. 30 தட்டுக்கும் அசையாவிட்டால்? அப்போதும் நம்பிவிட முடியாது. பத்தடி தள்ளி அடுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

சாய்வு 30 முதல் 45 டிகிரி வரை என்றால் கூடுதல் கவனம். காற்றையும் பாருங்கள். ஆரல்வாய்மொழியில் அடிப்பதுபோல முகட்டைத் தாண்டி அடிக்கும் காற்று, பனியை வாரிக்கொண்டுபோய் மறுபக்கச் சரிவில் பாளமாகக் குவித்துவிடும்.

நடக்கும்போது காலடியில் 'தொம்' என்று பனி உள்வாங்கும் சத்தம் கேட்டாலோ, காலிலிருந்து விரிசல் ஓடினாலோ குழியெல்லாம் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.