ஏற்காடு ஏறப் பெட்ரோல் ஸ்விஃப்ட்டா, டீசல் ஸ்விஃப்ட்டா?

வணக்கம் மக்களே! ஏற்காடு அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுகிறேன். இனி மேலே 20 கொண்டை ஊசி வளைவு. பழைய ஸ்விஃப்ட் வாங்கப் போகிற சேலத்து ஆட்கள் கேட்பது ஒன்றுதான்: பெட்ரோலா டீசலா, எதற்குப் பவர் அதிகம்?

காகிதத்தில் பெட்ரோல்தான். 2018 மாடலில் பெட்ரோலுக்கு 83 பி.எஸ். (குதிரைத்திறன்), டீசலுக்கு 75. ஆனால் இந்த மலையில் ஓட்டியவரைக் கேளுங்கள், டீசல்தான் அசால்ட்டா ஏறும் என்பார். இரண்டும் சரிதான்.

பவரை யாரும் நேராக அளப்பதில்லை. டைனோ என்கிற மெஷினில் என்ஜினைப் பூட்டி, அது சுற்றச் சுற்ற பிரேக் போல எதிர்ப்புக் கொடுப்பார்கள். அப்போது கிடைப்பது திருகுவிசை, அதாவது டார்க். அதை ஆர்.பி.எம்.மால், அதாவது என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகளால், பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட். ஒரு கிலோவாட் என்பது 1.36 பி.எஸ்.

இப்போது கணக்குப் போடுவோம். டீசலில் 2,000 ஆர்.பி.எம்.மிலேயே 190 நியூட்டன் மீட்டர் டார்க். பெருக்கிப் பார்த்தால் 54 பி.எஸ். பெட்ரோலின் உச்ச டார்க் 113, அதுவும் 4,200-ல்தான். தாராளமாக அந்த 113-ஐ 2,000-லேயே கொடுத்தாலும் 32 பி.எஸ். தாண்டாது. வளைவில் திரும்பி எழும்போது மூன்றாவது கியரில் ஆர்.பி.எம். முள் 2,000-க்குக் கீழேகூட இறங்கிவிடும். அந்த 83 பி.எஸ். வருவது 6,000-ல். மலையில் அதுவரை யார் மிதிக்கிறார்கள்?

அதற்காகப் பெட்ரோல் வண்டி மட்டமில்லை. இரண்டாவதுக்கு இறக்கி 4,200-க்குக் கொண்டுபோனால் 68 பி.எஸ். கையில் இருக்கிறது. என்ஜின் கத்துகிறதே என்று பயந்து மூன்றாவதிலேயே உருட்டுகிறவர்கள்தான் ‘வண்டியில இழுவையே இல்ல’ என்று மெக்கானிக்கிடம் போய் நிற்பது.

அப்புறம், ரீமேப், அதாவது என்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிப் பவர் ஏற்றுவது, செய்பவர்கள் கவனிக்கவும். கம்பெனி சொல்வது என்ஜின் தண்டில் அளந்தது. கடையில் ரோலர் மேல் ஏற்றி அளப்பது சக்கரத்தில். கியர்பாக்ஸும் டயரும் தின்றது போக மீதிதான் அங்கே தெரியும். அதனால் ரீமேப்புக்கு முன்னும் பின்னும் அதே ரோலரில் ஏற்றி, அந்த இரண்டு எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்று லேசாவதால் டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத என்ஜின் மேலே போகும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் பவரை இழக்கும். டர்போ உள்ள டீசலுக்கு அந்த அடி அவ்வளவாகத் தெரியாது. இவ்வளவையும் கேட்டுவிட்டு டெஸ்ட் டிரைவைச் சேலம் ஐந்து ரோட்டில் மட்டும் சுற்றி முடித்துவிடாதீர்கள். நாலு பேரை ஏற்றி, ஏசியைப் போட்டு, இங்கே கொண்டு வாருங்கள்.